காடு, மழை, மாயா நகரங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மழைக்காடு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது ஒரு வரி சொல்லியிருந்தேன். மத்திய அமெரிக்காவில் மாயா மக்கள் கட்டிய பெரிய நகரங்கள், காட்டை வெட்டிக் குறைத்திருந்த நேரத்தில் நீண்ட வறட்சியும் வந்து சேர்ந்ததால் ஆளில்லாமல் போயின என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அம்பை, களக்காடு, நாங்குநேரி, பாளையங்கோட்டை என்று நம் பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள். மகிழ்ச்சி. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்தத் தடவை முழுக்க இதையே பேசிவிடுவோம்.

அண்ணாச்சி, அம்புட்டு உயரமா கோயில் கட்டினவங்க, வானத்துல கிரகம் போறதைக் கணக்குப் போட்டவங்க, மரத்தை வெட்டினா கஷ்டம் வரும்னு தெரியாமலா இருந்திருப்பாங்க?
(மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், விக்கிரமசிங்கபுரம்)

தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. அந்தக் காட்டுக்குள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நன்றாக வாழ்ந்த பிறகுதான் அவர்களுக்கு அந்தச் சிக்கல் வந்தது. குவாத்தமாலாவின் வடக்கில் உள்ள பெத்தேன் சமவெளி, அதை ஒட்டி மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதி, பெலீஸ், ஹோண்டுராஸின் மேற்கு ஓரம், இதுதான் அவர்கள் நாடு. அங்கே கி.பி. 250-லிருந்து 900 வரை நகரங்கள் செழித்திருந்தன.

அவர்களுடைய விவசாயம் காட்டோடு ஒட்டியது. ஒரு துண்டுக் காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்து, மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே இடத்தில் ஊன்றுவார்கள். இரண்டு மூன்று வெள்ளாமை எடுத்ததும் அந்த இடத்தைச் சும்மா போட்டுவிட்டு அடுத்த துண்டுக்கு நகர்வார்கள். பழைய இடத்தில் செடி, புதர், மரம் என்று காடு திரும்பி வந்த பிறகுதான் மறுபடி அங்கே கோடரி விழும். நம் பொதிகையில் காணிக்காரர்கள் முன்பு செய்த மலை விவசாயமும் இந்த வகைதான். ஆள் குறைவாக இருந்து, காத்திருக்க நேரமும் இருந்தால் இதைப்போல நல்ல முறை வேறு கிடையாது.

ஆள் பெருகினால் என்ன ஆகும்? காத்திருக்கும் வருடங்கள் குறையும். 2018-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. விமானத்திலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி, மரங்களுக்கு அடியில் மறைந்திருக்கும் தரையை வரைபடமாக எடுத்தார்கள். சுமார் 2,100 சதுர கிலோமீட்டரில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரிந்தன. வீட்டு மேடு, சாலை, வாய்க்கால், கோட்டைச் சுவர், எல்லாம் இன்றைக்குக் காடு மூடிக் கிடக்கும் இடத்தில். அதை வைத்து, உச்ச காலத்தில் அந்தச் சமவெளியில் 70 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் பேர் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இத்தனை பேருக்கும் சோளம் வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும், வீட்டுக்குத் தூண் வேண்டும்.

போதாததற்குச் சுண்ணாம்பு. மாயா நகரம் என்றாலே வெள்ளைச் சாந்து பூசிய நகரம்தான்; கோயில், சுவர், முற்றம், தரை எல்லாவற்றுக்கும் சாந்து. அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி, தாழையூத்துப் பக்கம் போல, கல்லுக்குக் குறைவில்லை. ஆனால் கல்லைச் சுட வேண்டுமே. மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்துக் கிராமங்களில் அண்மைக்காலம் வரை இருந்த முறை இது: வெட்டிய மரத்தைச் சக்கரம் மாதிரி வட்டமாக, ஆள் உயரத்துக்கு அடுக்குவார்கள், நடுவில் நெருப்புப் போட ஒரு துளை விடுவார்கள், மேலே உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பிவிட்டுக் கொளுத்துவார்கள். கல் வேகிற சூட்டுக்கு, அதாவது 800, 900 டிகிரிக்கு வந்து நிற்கும் வரை அவ்வளவு மரமும் எரியும். முடிவில் கிடைப்பது ஒரு வெள்ளைக் குவியல். ஒரு முற்றத்துக்குப் பூசிவிட்டு, சில வருடம் கழித்து மறுபடி பூச வேண்டும். காளவாசல் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

இதில் எந்தக் குடும்பமும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தன் தேவைக்கு வெட்டினார்கள். கோயிலை உயர்த்து, முற்றத்தை அகலமாக்கு என்று மேலே இருந்து வந்த உத்தரவுகளைத்தான் நான் குறை சொல்வேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மழை குறைந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அப்போது மழைமானி கிடையாதே?
(பதினோராம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை)

நல்ல கேள்வி தங்கச்சி. ஏரி தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருக்கிறது. யுகத்தானில் சிச்சன்கனாப் என்று ஒரு ஏரி. அதன் அடியில் நீளமான குழாயை இறக்கி, சேற்றைக் கலையாமல் அப்படியே வெளியே எடுத்தார்கள். மேலே உள்ள சேறு நேற்றையது, கீழே போகப்போகப் பழசு. மழை நன்றாகப் பெய்த காலத்தில் சேறு சேறாகவே படியும். மழை பொய்த்து ஏரி சுருங்கும்போது தண்ணீரில் கரைந்திருந்த ஜிப்சம் படிகமாகி அடியில் உட்கார்ந்துவிடும். ஆக, ஜிப்சம் எங்கே கனமாக இருக்கிறதோ அது வறண்ட காலம். ஓட்டுடலிகளின் ஓட்டில் இருக்கும் ஆக்சிஜனிலும் இதே செய்தி கிடைக்கும். 1995-இல் வந்த அந்த ஆய்வு, கி.பி. 800-க்கும் 1000-க்கும் நடுவே அந்தப் பகுதி சில ஆயிரம் வருடங்களில் காணாத வறட்சியைக் கண்டது என்று காட்டியது. நகரங்கள் காலியானதும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

2018-இல் இன்னொரு குழு அதே ஏரியின் ஜிப்சம் படிகத்துக்குள் சிக்கிக்கிடந்த பழைய தண்ணீரையே எடுத்துச் சோதித்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஏரித் தண்ணீர், ஒரு கல்லுக்குள்! அந்தக் காலத்தில் ஆண்டு மழை சராசரியாகப் பாதியாகக் குறைந்திருக்கிறது, மிக மோசமான கட்டத்தில் 70 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது என்று கண்டார்கள். பெலீஸில் யோக் பாலும் என்ற குகையின் தரையிலிருந்து எழும்பி நிற்கும் சுண்ணாம்புப் படிவங்களும் இதற்குப் பக்கத்தில் வருகிற கதையையே சொல்கின்றன.

காட்டுக்கும் இந்த வறட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்துக் கேட்டிருக்கிறாய். மரம் வேர் வழியாக உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதியை இலை வழியாகக் காற்றுக்கே திருப்பித் தருகிறது, அந்த ஈரம் மறுபடி மழையாகிறது. காடு இருந்த இடத்தில் சோளக்கொல்லை வந்தால் அந்த ஈரம் குறையும். தரை வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால் மேகம் திரள்வதும் குறையும். 2012-இல் கணினி மாதிரிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, மாயா நாட்டில் மழை குறைந்ததில் காடழிப்பின் பங்கு 60 விழுக்காடு வரை இருக்கலாம் என்றது. மற்றது தானாக வந்த வறட்சி. நான் போன தடவை எழுதிய வரியின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

சப்போட்டா மரத்துக்கும் மாயாக்காரர்களுக்கும் தொடர்பு இருக்கிறதாமே, என் மகள் சொல்கிறாள். எங்கள் வீட்டுப் பின்னால் ஒன்று நிற்கிறது, அதனால் கேட்கிறேன்.
(இல்லத்தரசி, கல்லிடைக்குறிச்சி)

உங்கள் மகள் சொல்வது சரிதான் அக்கா. சப்போட்டாவின் சொந்த ஊரே அந்தக் காடுதான். நம் இலுப்பையும் மகிழமும் சேர்ந்த அதே குடும்பத்து மரம். அங்கே காட்டில் மிக உயரமாக வளரும், வைரம் பாய்ந்த கட்டை, செல் சீக்கிரம் அரிக்காது. பெத்தேனில் இருந்த திகால் என்ற மாயா நகரத்தின் பெரிய கோயில்களில் வாசலுக்கு மேலே வைத்த உத்தரங்கள் சப்போட்டாக் கட்டைகள். ஆயிரத்து இருநூறு வருடம் கழித்தும், மழைக்காட்டின் ஈரத்தில், சில அப்படியே இருந்தன. சித்திர வேலைப்பாடு செய்த சில உத்தரங்கள் இப்போது சுவிட்சர்லாந்தில் பாசெல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த உத்தரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மனதைத் தைத்த இடம். 65 மீட்டருக்கு மேல் உயரமுள்ள நான்காம் கோயில் கி.பி. 741-ஐ ஒட்டி எழுந்தது. அதில் நீண்ட, பருத்த சப்போட்டாக் கட்டைகள். அதற்குப் பின்னால் கட்டியவற்றில் சப்போட்டாவைக் காணோம். சதுப்பில் வளரும், முறுக்கிக்கொண்டு போகும், உளி வைத்தால் மல்லுக்கு நிற்கும் ஒரு சாய மரத்தை உத்தரமாக வைத்திருக்கிறார்கள். ராஜாவின் கோயிலுக்கு அந்தக் கட்டையை ஒரு தச்சன் விரும்பியா எடுத்திருப்பான்? 810 வாக்கில் சப்போட்டா திரும்பி வருகிறது, ஆனால் சிறுத்துவிட்டது. பெரிய மரம் தீர்ந்துபோய், சிலகாலம் விட்டுப் பார்த்து, வளர்ந்த வரைக்கும் வெட்டியிருக்கிறார்கள் என்று படிக்கத் தோன்றுகிறது. திகாலில் கடைசியாகத் தேதி பொறித்த கல் 869-ஐச் சேர்ந்தது.

உங்கள் மகளுக்கு இன்னொரு செய்தி. சப்போட்டாவின் பால்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் பயன்பட்டது. அந்தப் பால் எடுக்கக் காட்டுக்குள் போனவர்கள் கண்ணில்தான் பல இடிபாடுகள் பட்டன. கலக்முல் என்ற பெரிய நகரத்தை 1931-இல் வெளியுலகுக்குச் சொன்னவரும் ஒரு தாவரவியலாளர்தான்.

காட்டை வெட்டின இடத்துல வெள்ளாமை நல்லாத்தானே வரும்? காட்டு மண்ணு கருகருன்னு இருக்குமே.
(வாழை விவசாயி, களக்காடு)

முதல் வருடம் வரும், இரண்டாம் வருடமும் வரும் அண்ணாச்சி. அதற்கப்புறம்தான் வம்பு. மழைக்காட்டின் சத்து பெரும்பாலும் மண்ணில் கிடையாது, மரத்தில் இருக்கிறது. இலை விழுகிறது, பூஞ்சையும் பூச்சியும் அதைச் சில வாரத்தில் மக்கவைக்கின்றன, மேலாகப் படர்ந்திருக்கும் வேர்கள் உடனே அதை இழுத்துக்கொள்கின்றன. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவு செய்கிற வீடு மாதிரி, கையிருப்பு என்று ஒன்றும் இருக்காது. மரத்தை எரித்ததும் சாம்பலில் இருக்கும் சத்தை முதல் பயிர் சாப்பிடும். பெருமழை மீதியைக் கழுவிக்கொண்டு போகும்.

பெத்தேனில் மண் இன்னும் மெல்லிசு, அடியிலேயே சுண்ணாம்புப் பாறை. சரிவில் மரம் போனதும் மண் இறங்கிவிட்டது. அங்குள்ள ஏரிகளின் அடியில் பல மீட்டர் கனத்துக்கு ஒரு களிமண் படலம் கிடக்கிறது. ஆய்வாளர்கள் அதை மாயா களிமண் என்றே சொல்கிறார்கள். மேட்டில் உழுத மண்தான் அது.

வாழைக்கு நீங்கள் வண்டி வண்டியாகத் தொழுவுரம் போடுகிறீர்கள், குளத்துக் கரம்பையும் அடிக்கிறீர்கள். அவர்களிடம் மாடும் கிடையாது, வண்டியும் கிடையாது, சுமப்பதெல்லாம் மனித முதுகு. வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கழிவுகளைப் போட்டார்கள், சரிவில் கல் வரப்புக் கட்டினார்கள், சதுப்பில் வாய்க்கால் வெட்டி மேட்டுப்பாத்தி போட்டார்கள். கைவரிசை எல்லாம் காட்டினார்கள். அது போதுமான வருடங்கள் நிறைய, போதாமல் போனவை கொஞ்சம்.

எங்க பக்கம் ஆறு கிடையாது, மானாவாரிக் குளம்தான். அந்த நகரத்துக்காரங்க தண்ணிக்கு என்ன செஞ்சாங்க?
(குளத்துப் பாசன விவசாயி, நாங்குநேரி வட்டம்)

நீங்கள் கேட்டதால்தான் தெரிகிறது, திகாலும் நாங்குநேரியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே சாதி. திகாலில் ஆறும் கிடையாது, வற்றாத ஊற்றும் கிடையாது. வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை, மற்ற மாதங்களில் சொட்டு இருக்காது. சாந்து பூசிய முற்றங்களைக் கொஞ்சம் சாய்வாகக் கட்டி, அதில் விழும் மழை முழுக்கப் பள்ளமான நீர்த்தேக்கங்களுக்கு ஓடிச்சேரும்படி செய்தார்கள். கோயில் முற்றமே நீர்ப்பிடிப்பு! ஒரு தேக்கத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த சியோலைட் என்ற கனிமத்தையும் மணலையும் போட்டுத் தண்ணீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்பது 2020-இல் தெரிந்தது.

அதே 2020-இல் இன்னொரு ஆய்வு. அரண்மனைக்கும் பெரிய கோயிலுக்கும் பக்கத்தில் இருந்த தேக்கங்களின் சேற்றில் பாதரசம் அதிகம், கூடவே நஞ்சு உண்டாக்கும் நீலப்பச்சைப் பாசி. பாதரசம் எங்கிருந்து? சுவரிலும் சடங்கிலும் பயன்படுத்திய சிவப்புச் சாயக் கல்லிலிருந்து மழையில் கழுவி வந்தது. வறட்சியில் தண்ணீர் குறையக் குறைய, ஊரின் நட்ட நடுவில் இருந்த தண்ணீர்தான் முதலில் குடிக்க லாயக்கில்லாமல் போனது.

தேக்கம் தூர்ந்தால் கொள்ளளவு குறையும் என்பதை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேட்டில் மரம் இல்லாவிட்டால் குளம் சீக்கிரம் தூரும். குடிமராமத்து என்று நம் ஊரில் வருடா வருடம் எல்லோரும் மண்வெட்டி எடுத்துப் போனதற்கு ஒரு முக்கியக் காரணம் அதுதான்.

நமக்கு என்ன கவலை? பொதிகையில் காடு இருக்கிறது, தாமிரபரணி வற்றாது. மாஞ்சோலையில் தேயிலை போட்டும் மழை பெய்யத்தானே செய்கிறது, தேயிலையும் பச்சைதானே?
(வங்கி ஊழியர், சேரன்மகாதேவி)

பொதிகையில் காடு இருப்பதனால்தான் தாமிரபரணி வற்றாமல் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் நம் ஊர்க்காரர்கூட பாபநாசம் அணை எத்தனை அடி என்று பேப்பரில் பார்ப்பார். 143 அடிக்கு எவ்வளவு பாக்கி என்பதுதான் அந்த வருடத்துக் கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிகளின் தலையெழுத்து. ஆனால் அந்த அணைக்கு மேலே இருக்கும் இன்னொரு அணையை யாரும் அடிக்கணக்கில் அளப்பதில்லை. வெடிப்பலாவும் நாங்கும் நெருங்கி நிற்கும் காடு, கணுக்கால் புதைகிற இலைச்சருகு, அதன் கீழே ஓட்டை ஓட்டையாக இருக்கும் மண். மழை அந்த மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் கசிந்து, ஓடையாகி வருகிறது. மாசி, பங்குனியில் ஆற்றில் ஓடுகிற தண்ணீரில் இந்தக் கசிவின் பங்கு பெரிது.

இந்தக் காடு தானாகத் தப்பவில்லை. களக்காடு சரணாலயம் 1976-இல் சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்குக்காக வந்தது. முண்டந்துறை அதற்கும் முன்னால், 1962-இல். இரண்டையும் சேர்த்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது, சுமார் 895 சதுர கிலோமீட்டர். சோலைமந்திக்கு வெடிப்பலா பூவும் காயும் முக்கிய உணவு. அந்தக் குரங்கு பிழைக்க அந்த மரம் வேண்டும், அந்த மரம் நிற்கும் இடத்திலிருந்துதான் நம் ஆற்றுக்குத் தண்ணீர். குரங்குக்காக வேலி போட்டபோது நமக்கும் சேர்த்துத்தான் போட்டார்கள்.

இப்போது தேயிலை. பச்சைதான், மறுக்கவில்லை. இடுப்பளவுக்கு வெட்டி வைத்த ஒரே செடியையும், முப்பது மீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காக நிற்கும் காட்டையும் மேகம் ஒன்றாகப் பார்க்காது. மலை முகட்டில் தவழ்ந்து போகும் பனிமூட்டத்தைப் பெரிய மரத்தின் இலையும் பாசியும் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக இறக்கும், தேயிலையால் அந்த அளவுக்கு முடியாது. மாஞ்சோலைப் பக்கத்து ஊத்து, நாலுமுக்கு இரண்டும் தமிழ்நாட்டிலேயே மிக அதிகம் மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை; அதற்கு மலை கடலிலிருந்து வரும் காற்றை மறிப்பது முதல் காரணம், அந்த மழை தேயிலை போட்டதும் நின்றுவிடாது. பெய்த மழை எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம்தான் மாஞ்சோலைத் தோட்டம். காட்டை வெட்டித் தோட்டம் போடுவது என்று முடிவெடுத்தவர்கள் ஒரு கூட்டம். அட்டைக்கடியிலும் மழையிலும் மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் வேறு கூட்டம். 2024-இல் தோட்டத்தை நிறுத்தியதால் அவர்களுக்கு வேலை முடிந்தது. காடு திரும்பட்டும், எனக்கு அதில் இரண்டு எண்ணமில்லை, ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு வீடும் பிழைப்பும் தராமல் காட்டுக்கு நல்லது நடந்தது என்று யாராவது சொன்னால் நான் அதை ஏற்க மாட்டேன்.

கவலை வேண்டாம் என்கிறீர்களே, இதையும் பாருங்கள். மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகள் காற்றுக்குக் கொடுக்கும் ஈரம், தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழைக்கு எவ்வளவு உதவுகிறது என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய கால் பங்கு. மழை குறைந்த வருடங்களில் 40 விழுக்காடு வரை. மழை இல்லாத வருடத்தில்தான் காடு அதிகம் கைகொடுக்கிறது. திகால்காரர்களுக்கு அந்த வருடங்களில்தான் காடு போதவில்லை.

அவ்வளவு காடு இருந்தும் 2023 டிசம்பர் வெள்ளம் வந்ததே?
(புன்னைக்காயல் வாசகர்)

வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது ஒரு வருடத்து மழையைவிடக் கூட. அவ்வளவு மழையை எந்தக் காட்டாலும் உறிஞ்ச முடியாது, அதில் பெரும்பகுதி காட்டில் பெய்யவுமில்லை, சமவெளியில் பெய்தது. காடு எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணப் பெருமழையில் தண்ணீர் வேகத்தைக் குறைக்கும், மண் அரிப்பைத் தடுக்கும். அன்றைக்கு உடைந்தவை குளத்துக் கரைகள், அது பராமரிப்புக் கணக்கு.

கொப்பான் நகரத்தில் கடைசிக் காலத்தில் காடு கூடியிருந்தது என்று படித்தேன். நீங்கள் காடழிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது நியாயமா?
(வரலாற்று ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

ஐயா படித்தது சரிதான். ஹோண்டுராஸில் உள்ள கொப்பானைப் பற்றி முன்பு, மலைச்சரிவு மொட்டையாகி நகரம் வீழ்ந்தது என்று எழுதினார்கள். 2010-இல் ஏரிச் சேற்றின் மகரந்தத்தைப் பார்த்தவர்கள், நகரம் வீழ்ந்த காலத்தில் காடு குறையவில்லை, முந்தைய நூற்றாண்டுகளில்தான் குறைந்திருந்தது, பிறகு அவர்களே காட்டைப் பேணியிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். இதை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். மாயா என்பது ஒரே அரசு இல்லை, பல டஜன் நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முடிவு. திகாலும் கலக்முலும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டன. 562-இல் திகால் தோற்றது, 695-இல் கலக்முலைத் திருப்பி அடித்தது. போர், வறட்சி, வணிகப் பாதை மாறியது, மழையை வரவழைப்பேன் என்ற அரசனின் வாக்கு பொய்த்தது, எல்லாம் சேர்ந்தே ஊரைக் காலி செய்திருக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: காடு குறைந்த ஊர் வறட்சியைத் தாங்கும் திராணி குறைந்த ஊர். நம் கொற்கையை எடுத்துக்கொள்ளுங்கள், துறைமுகம் தூர்ந்து கடல் சில கிலோமீட்டர் தள்ளிப்போனது, ஆனாலும் கொற்கை போனதற்கு வண்டலை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

மாயா மக்கள் மொத்தமாக அழிந்துவிட்டார்களா?
(ஆறாம் வகுப்பு மாணவன், வீரவநல்லூர்)

இல்லவே இல்லை தம்பி. குவாத்தமாலா, மெக்சிகோ, பெலீஸ் நாடுகளில் இன்றும் பல லட்சம் மாயா மக்கள் அவரவர் மொழிகளைப் பேசிக்கொண்டு, மக்காச்சோளம் விதைத்துக்கொண்டு இருக்கிறார்கள். காலியானவை தெற்குச் சமவெளி நகரங்கள். வடக்கே சிச்சென் இட்சா அதற்குப் பிறகும் செழித்தது. இன்னொன்றும் தெரிந்துகொள். 1990-இல் குவாத்தமாலா பெத்தேனில் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மாயா உயிர்க்கோளக் காப்பகம் அமைத்தது. அதற்குள் சில பகுதிகளைக் கிராம மக்களிடமே ஒப்படைத்தார்கள். குறிப்பிட்ட அளவு மரம், பூங்கொத்துக்குப் போகும் ஒரு பனையின் இலை, சப்போட்டாப் பால் எல்லாம் எடுத்துப் பிழைக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் காட்டில் அழிவு மிகக் குறைவு. அதே காப்பகத்தின் மேற்கில், மாட்டுப் பண்ணைக்காரர்கள் நுழைந்த பக்கம், காடு எரிந்துகொண்டிருக்கிறது.

அமேசானில் மரம் வெட்டினால் திருநெல்வேலிக்காரன் என்ன செய்ய முடியும்?
(மொத்த வியாபாரக் கடைக்காரர், திருநெல்வேலி டவுன்)

அமேசானைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன். பிரேசிலில் 2004-இல் ஒரே வருடத்தில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போனது. செயற்கைக்கோள் வழியாகக் கண்காணித்து, அபராதம் போட்டு, 2006-லிருந்து புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று பெரிய வியாபாரிகள் ஒப்புக்கொண்ட பிறகு, 2012-இல் அது 4,600 சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. பிடியைத் தளர்த்தினார்கள், 2021-இல் 13,000. மறுபடி இறுக்கினார்கள், குறைந்தது. ஆக நிறுத்த முடியாது என்கிற பேச்சே இல்லை.

உங்கள் கடைக்கு அமேசானைவிடக் கிட்டத்தில் இருப்பது சுமத்ராவும் போர்னியோவும். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா, பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. ரேஷன் கடையில் வாங்கும் ஒரு லிட்டர், டீக்கடை வடை, பாக்கெட் பிஸ்கட், சோப்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் நிறையவே மழைக்காட்டை வெட்டிப் போட்டவை. மலிவான எண்ணெய் இல்லாவிட்டால் கஷ்டப்படும் வீட்டை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் டன் கணக்கில் வாங்கும் வியாபாரியும் அரசாங்கமும், காடு வெட்டாத தோட்டத்து எண்ணெய்தானா என்று கேட்டு வாங்கலாம். பிரேசில் சோயா வியாபாரிகள் கேட்டபோது வேலை நடந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் குளத்துக்கரையில் இளைஞர்கள் சேர்ந்து மரம் நடப்போகிறோம். எந்த மரம் நடலாம்?
(இளைஞர் மன்றம், முக்கூடல் அருகே)

குளத்துக்கு உள்ளே எதையும் நடாதீர்கள். கருவேலம் போட்டுத் தண்ணீர் நிற்க இடமில்லாமல் செய்த குளங்கள் நம்மிடம் போதுமான அளவு உண்டு. கரைக்கு வெளிப்புறச் சரிவின் அடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நீர்மருது, நாவல், புங்கம். ஆற்றங்கரைக்கு நீர்மருதை விட்டால் வேறு மரம் கிடையாது, பாபநாசத்திலிருந்து அதுதான் ஆற்றோடு வருகிறது. மேட்டுப்பக்கம் இலுப்பை, வேம்பு, புளி. கரையின் நடுவிலும் மடைக்குப் பக்கத்திலும் பெரிய மரம் வேண்டாம், வேர் உள்ளே போய் மரம் செத்தால் அந்த வழியாகக் கரை கசியும். அங்கே பனை விதையை ஊன்றினால் போதும். ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் குழி தயாராக இருக்கட்டும். ஆடு கடிக்காமல் முதல் இரண்டு வருடம் காக்க யார் பொறுப்பு என்பதைக் கன்று வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். இலுப்பைக் கன்று மெதுவாகத்தான் வளரும், பயந்து பிடுங்கிவிட வேண்டாம். சீமைக்கருவேலம் இருந்தால் தூரோடு எடுத்த பிறகு நடுங்கள், மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கே தளிர்த்துக்கொண்டு வந்துவிடும்.